ஒளு செய்ய எத்தனை நிமிடம்?

என் தங்கை மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. அதிகாலை பஜ்ர் தொழுகைக்காகக் கை, முகம், கால் கழுவி ஒளு செய்யப் போகிறவன் வெயில் ஏறிய பிறகும் தொட்டியடியிலேயே நிற்பான். முழங்கை வரை கழுவுவான். சரியாக நனைந்ததா என்று சந்தேகம் வரும். மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். நாற்பது நிமிடம், சில நாள் ஒரு மணி நேரம். விரலிடுக்கு வெளுத்து, புறங்கைத் தோல் வெடித்து ரத்தம் கசியும். ரத்தம் வழிந்தால் ஒளு முறியும் என்பது ஹனஃபி மத்ஹபின் சட்டம். கசிந்தது வழிந்ததாகுமா ஆகாதா என்று அடுத்த சந்தேகம் பிடித்துக்கொள்ளும்.

தொட்டியை நிரப்பி நிரப்பி ஓய்ந்துபோன என் தங்கை ஒருநாள் ராஜபாளையத்துக்கு பஸ் ஏறி வந்தாள். "அண்ணே, இவனுக்கு ஈமான் கூடிப்போச்சா, புத்தி பேதலிச்சுப் போச்சா, எனக்கு ஒண்ணும் தெரியல" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அவள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மார்க்கத்தை அறியாத மருத்துவருக்கு முதல் பாதி புரியாது. மருத்துவம் அறியாத ஓதுகிறவருக்கு இரண்டாம் பாதி புரியாது. முஸ்லிம்களின் நம்பிக்கையை மதிக்கும் மனநல சிகிச்சை வேண்டும் என்ற பேச்சை இப்போது அடிக்கடி கேட்கிறேன். நியாயமான பேச்சுதான். ஆனால் மதிப்பது என்றால் என்ன, யார் மதிக்கிறார்கள், மதிப்பதால் நோய் குணமாகிறதா என்பதை நிறுத்துப் பார்க்காமல் இந்தக் கோரிக்கையை வைத்தால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாக நின்றுவிடும்.

சொந்தபந்தம் முதலில் சொன்னது, ஓதிப் பார்க்கணும் என்றுதான். அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஓதிக் கொடுத்த தண்ணீரைக் குடித்த அன்று அவன் முகம் கொஞ்சம் தெளிந்தது. அன்று இரவு தூங்கினான். தனக்காக இத்தனை பேர் துஆ செய்கிறார்கள் என்ற எண்ணம் நோயாளியைத் தாங்கும். சங்கடம் அதற்குப் பிறகு வந்தது. ஓதிக் கொடுத்த பெரியவர் இது ஜின்னின் தொந்தரவு என்று சொல்லி, நாற்பது நாள் எந்நேரமும் ஒளுவோடு இருக்கச் சொல்லிவிட்டார். கழுவுவதே நோயாக இருப்பவனிடம் இதைச் சொன்னால் என்ன ஆகும்? அந்த நாற்பது நாளில் தொட்டித் தண்ணீர் பற்றாமல் லாரித் தண்ணீர் வாங்கினார்கள்.

அடுத்து மதுரையில் ஓர் ஆலோசகர். எங்கள் ஊரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல். அரை மணி நேரம் பேசினார். "கொஞ்ச நாள் தொழுகையை நிறுத்தி வைங்க, தானா சரியாயிடும்" என்றார். பையன் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே வந்துவிட்டான். அதன்பின் ஐந்து மாதம் எந்த மருத்துவரிடமும் போக மறுத்தான். ஐந்து மாதம் என்பது இந்த நோயில் சின்ன விஷயமில்லை. படிப்பு நின்றது அந்த ஐந்து மாதத்தில்தான்.

அந்த ஆலோசனை அவன் மனத்தைப் புண்படுத்தியது என்பதோடு நிறுத்திவிடக் கூடாது. அது மோசமான மருத்துவமும்கூட. எண்ணச் சுழற்சி நோய் என்று தமிழில் சொல்கிற இந்த ஓசிடிக்கு, மாத்திரையோடு சேர்த்துத் தரும் பேச்சு சிகிச்சையின் அடிப்படை வேறு. பயப்படுகிற இடத்துக்கு நோயாளியைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சந்தேகம் வந்தாலும் திரும்பக் கழுவாமல் இருக்கப் பழக்க வேண்டும். பதற்றம் ஏறி, உச்சத்துக்குப் போய், தானே இறங்குவதை அவன் உடம்பால் உணர வேண்டும். தொழுகையையே விட்டுவிடு என்பது பயத்திலிருந்து ஓடிப்போகச் சொல்வது. ஓடினால் பயம் வளரும். நம்பிக்கையை மதிக்காத அறிவுரையும் தவறான மருத்துவமும் இங்கே ஒரே வாக்கியத்தில் இருந்தன. இது எப்போதும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோயாளி எதற்காகக் கழுவுகிறான் என்று கேட்காதவருக்கு, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல வழியில்லை.

இந்த நோய் நம்மவர்களுக்குப் புதிதும் அல்ல. ஓயாத சந்தேக ஊசலாட்டத்தைக் குறிக்கும் வஸ்வாஸ் என்ற சொல் ஒவ்வொரு மதரஸா மாணவனுக்கும் தெரியும். பத்தாம் நூற்றாண்டில், கிபி 934இல் இறந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கி உடலுக்கும் உள்ளத்துக்குமான நலத்தைப் பற்றி ஒரே நூலில் எழுதியவர். காரணம் தெரிந்த துக்கத்தையும் காரணம் தெரியாமல் கவிகிற துக்கத்தையும் வேறு வேறாகப் பிரித்தார். விரட்டினாலும் போகாமல் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்களுக்குத் தனி இடம் கொடுத்தார். பக்தாதிலும் கெய்ரோவிலும் இருந்த பழைய மருத்துவமனைகளில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி 1979இல், மேற்கத்திய உளவியலை அப்படியே விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களைக் கண்டித்து எழுதினார். பிற்காலத்தில் பல்கியின் நூலில் உள்ளம் பற்றிய பகுதியை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. மனநோய்க்கு மருந்து தேடுவது ஈமானில் குறை என்று நினைக்கும் நம் வீடுகளில் இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஏர்வாடி. தென்மாவட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்கும் எவரும் அதைச் சுற்றிப் போக முடியாது. எங்கள் வீட்டிலும் ஒருவர் சொன்னார், ஏர்வாடியில் கொண்டுபோய் விட்டால் கனவில் உத்தரவு வரும் என்று. ராமநாதபுரம் மாவட்டத்தில், சையித் இப்ராஹீம் ஷஹீத் பாதுஷா அடக்கமாகியிருக்கும் அந்த தர்காவுக்கு எல்லா மதத்தவரும் மனநோயாளிகளை அழைத்து வருகிறார்கள். குணமாகிவிட்டாய், ஊருக்குப் போ என்று கனவில் சொல்லும் வரை மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். அந்தக் காத்திருப்பைச் சுற்றி, தங்கவைக்கிறோம் என்று தனியார் காப்பகங்கள் முளைத்தன. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அப்படி ஒரு காப்பகத்தின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். இருபத்தைந்து பேர் அங்கேயே கருகினார்கள். பிறகு சாவு எண்ணிக்கை 28 ஆனது. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அரசு காப்பகங்களை மூடி, அங்கிருந்தவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது.

எரிந்தது தர்கா நிர்வாகத்தின் கட்டடம் அல்ல. இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அதே சமயம், தர்காவின் பெயரை நம்பித்தான் அந்தக் குடும்பங்கள் வந்தன என்பதையும் மறைக்க முடியாது. ஏர்வாடியை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அங்கே பாங்கு சத்தம் கேட்டது. துஆ இருந்தது. விளக்கு எண்ணெயும் ஓதிய தண்ணீரும் இருந்தன. முஸ்லிம் சூழலில் சிகிச்சை என்று கேட்கிறவர்கள் கேட்கும் அத்தனையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. காலில் சங்கிலியும் இருந்தது. சங்கிலியில் கிடப்பவனால் ஒளு செய்யப் போக முடியாது. கிப்லாவை நோக்கித் திரும்பி நிற்கவும் முடியாது. சுற்றிலும் மார்க்கம் இருந்தும் அந்த மனிதனின் மார்க்கத்துக்கு மதிப்பில்லை.

இருந்தாலும் தலங்களை மொத்தமாகத் தள்ளிவிடவும் ஆய்வு இடம் தரவில்லை. தென் தமிழகத்தின் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கிய 31 மனநோயாளிகளைக் கவனித்த ரகுராமும் சக ஆய்வாளர்களும் 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். மருந்து கொடுக்கவில்லை. தனியான சடங்கும் பெரிதாக இல்லை. கோயில் வேலையில் கூடமாட இருந்து, சாப்பிட்டு, தூங்கி, வாரக்கணக்கில் தங்கினார்கள். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. யாரும் ஏசாத, அடிக்காத, அன்பான இடமே ஒரு மருந்து என்று எனக்குப் புரிகிறது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு இல்லாத சிறிய ஆய்வு அது. அதை வைத்துக்கொண்டு மாத்திரை வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் கேட்க மாட்டேன்.

தலத்தின் ஆறுதலையும் மருந்தையும் சேர்த்துக் கட்டிய முயற்சிதான் குஜராத்தின் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய தவா-துஆ. மருந்தும் பிரார்த்தனையும் என்று பொருள். முஜாவர்கள் எனப்படும் தர்கா பணியாளர்களுக்கே மனநோயின் அறிகுறிகளைச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்கள் ஓதி முடித்துவிட்டுப் பக்கத்து அறையில் இருக்கும் மருத்துவரிடம் அனுப்பினார்கள். இதே வழி பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. நான் பார்த்த வரையில் இதைவிட நல்ல யோசனை இந்தத் துறையில் வரவில்லை. யாரையும் எதையும் விட்டுவிடச் சொல்லாமல் மருந்தைக் கையில் கொடுக்கிறது. குறை ஒன்று உண்டு. தர்காவுக்குப் போகிறவர்களுக்குத்தான் அது எட்டும். தர்காவுக்குப் போவதே கூடாது என்று நினைக்கும் முஸ்லிம் வீடுகள் எங்கள் பக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. முஸ்லிம் நம்பிக்கை என்று ஒருமையில் பேசும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். ஒருவருக்கு மதிப்பாகப் படுவது அடுத்த வீட்டுக்காரருக்கு ஷிர்க்காக, இணைவைப்பாகப் படும். ஆகவே நோயாளியிடம்தான் கேட்க வேண்டும்.

இன்றைய இளைஞர்கள் போகும் வழி வேறு. செல்போனில் ஒரு முஸ்லிம் ஆலோசகரைத் தேடுகிறார்கள். என் தங்கை மகனும் தேடினான். சென்னையில் ஒருவர் கிடைத்தார். ஸலாம் சொல்லித் தொடங்கிய அந்த முதல் அழைப்பில் அவன் அழுதுவிட்டான்; தன்னை விளக்கத் தேவையில்லாத ஓரிடம் கிடைத்த ஆறுதல். அதன் அருமையை நான் குறைக்க மாட்டேன். மூன்றாவது அழைப்பில் அவர், உன் ஈமான் பலவீனமாக இருப்பதால்தான் ஷைத்தான் விளையாடுகிறான் என்றார். ஒரே மார்க்கத்தவர் என்பதால் அந்தச் சொல் வெளியாள் சொல்வதைவிட ஆழமாகத் தைத்தது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். வெறும் கவுன்சிலர் என்ற பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள நடைமுறையில் யாருக்கும் தடையில்லை. அத்தர் மணக்கப் பேசினாலும் பதிவு எண்ணைக் கேட்டுவிடுவது நல்லது.

இப்போது முக்கியமான கேள்வி. நம்பிக்கையோடு பொருந்திய சிகிச்சை கூடுதலாகக் குணம் தருகிறதா? மலேசியாவில் அஸ்ஹரும் வர்மாவும் 1994இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேரே பதில் சொல்கிறது. பதற்ற நோயுள்ள 62 முஸ்லிம்கள். எல்லாருக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பாதிக்கு அதோடு மார்க்கம் சார்ந்த பேச்சு சிகிச்சையும். மூன்றாவது மாதத்தில் அந்தப் பாதி தெளிவாக முந்தியிருந்தது. ஆறாவது மாதத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. அமெரிக்காவில் கோனிக் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், உடல் நோயோடு மனச்சோர்வும் கொண்ட 132 பேருக்கு அவரவர் மதத்தோடு இணைத்த சிகிச்சையையும் சாதாரண சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். பலன் ஏறக்குறைய சமம். ஆழ்ந்த பக்தியுள்ளவர்களுக்கு மட்டும் முதலாவது சற்றே கூடுதலாக உதவியது.

ஆக, மார்க்கம் கலந்த சிகிச்சை பெரிய மருந்து, மற்றது சின்ன மருந்து என்று பேச ஆதாரமில்லை. ஆனால் மலேசியாவின் அந்த முதல் மூன்று மாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர்களில் சிகிச்சை அறுந்துபோவது முதல் மூன்று மாதத்தில்தான். மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015–16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கே வந்து சேரவில்லை. வந்தவரையும் ஒரு வாக்கியத்தில் விரட்டிவிட்டால் ஆறாவது மாதம் என்று ஒன்று ஏது? நம்பிக்கையை மதிப்பது நோயாளியை நாற்காலியில் உட்கார வைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. அவ்வளவும் பெரிய வேலை.

கடைசியில் பையனை உட்கார வைத்தவர் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் வந்த ஒரு பெண் மருத்துவர். நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். நீள வரிசை, எங்கள் முறை வந்தபோது மதியம் ஒரு மணி. பையனின் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உங்க முறைப்படி எத்தனை தடவை கழுவணும்?"

"மூணு, மேடம்."

"நாலாவது தடவை கழுவினா நல்லதா, கெட்டதா?"

அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லிய குரலில் சொன்னான். "மக்ரூஹ். வெறுக்கப்பட்டது."

"அப்ப நாலாவது தடவை கழுவறது யாரு? நீங்களா, நோயா?"

தனக்குத் தெரியாததை அவனிடமே கேட்டு, அவன் மார்க்கத்துக்குள்ளிருந்தே கோட்டைக் கிழித்துவிட்டார். உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்காது என்பது ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதி. எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத் அதைப் பிறகு அவனுக்கு விளக்கினார். ஒளு செய்தது நினைவிருக்கிறது, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் ஒளு இருக்கிறது. பேச்சு சிகிச்சை கேட்டதும் இதைத்தான்: சந்தேகத்தோடேயே நட, திரும்பிப் போகாதே. மருத்துவர் ஹஜ்ரத்தைப் பார்த்ததில்லை, ஹஜ்ரத் மருத்துவரைப் பார்த்ததில்லை.

மருத்துவர் ஃப்ளூக்ஸெடின் எழுதப் போனபோது, கேப்ஸ்யூல் உறை விலங்கு ஜெலட்டின்தானே என்று தங்கை தயங்கினாள். அவர் முகம் சுளிக்கவில்லை. செர்ட்ரலின் மாத்திரையாக மாற்றி எழுதினார். நோன்பு வந்தபோது மாத்திரை நேரத்தை விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவு வேளைக்கு நகர்த்தினார். எல்லா மருந்துக்கும் இப்படி நேரத்தை மட்டும் நகர்த்தினால் போதாது. லித்தியம் சாப்பிடுகிறவர் ராஜபாளையத்து வெயிலில் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடக்கூடும். நோன்புக்கு முன்பே ரத்தப் பரிசோதனையும் மருத்துவரின் பேச்சும் தேவை. நோயாளிக்கு நோன்பை விடவும் பிறகு நோற்கவும் மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. ஆனால் அதை மருத்துவர் சொன்னால் ஒரு மாதிரியும் ஹஜ்ரத் சொன்னால் வேறு மாதிரியும் காதில் விழும். யார் எதைச் சொல்வது என்று பிரித்துக்கொள்வதுதான் நல்லது.

பெண்கள் விஷயத்தில்தான் மதிப்பு என்ற சொல் மிக எளிதாகத் திசை மாறுகிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பது நியாயம். ஆண் மருத்துவரோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூச்சப்படுவதும் நியாயம். கண்ணாடி வைத்த கதவும் வெளியே ஒரு நர்ஸும் போதும், பேச்சு வெளியே கேட்காது. ஆனால் துணைக்கு வரும் மஹ்ரம் என்ற பெயரில் கணவரோ மாமியாரோ ஒவ்வொரு முறையும் பக்கத்தில் உட்கார்ந்து, கேள்விக்கு அவர்களே பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அது அந்தப் பெண்ணின் வாயை அடைப்பது. தன் துக்கத்துக்குக் காரணமானவர் முன்னால் அவள் துக்கத்தைச் சொல்வது எப்படி? எங்கள் ஊர்களில் நாலு தெருவுக்குள் எல்லாரும் சொந்தம். கடையநல்லூரிலோ புளியங்குடியிலோ பெண் எடுக்கப் போனால் மாத்திரைச் சீட்டு முன்னால் போய் நிற்கும். இந்தப் பயத்தால் உள்ளூர் முஸ்லிம் ஆலோசகரைவிட ஊருக்குச் சம்பந்தமில்லாத இந்து மருத்துவரைப் பல குடும்பங்கள் விரும்புவதும் எனக்குத் தெரியும். அவர்கள் விருப்பத்தில் தவறில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. மத வேறுபாடில்லாமல் சிகிச்சை பெறும் உரிமையையும் ரகசியம் காக்கும் உரிமையையும் அது தருகிறது. எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சமூகத்தின் மத நம்பிக்கைக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து ஒருவரை மனநோயாளி என்று முடிவு கட்டவும் கூடாது என்கிறது. இந்தக் கடைசி வரி நம் குடும்பங்கள் படிக்க வேண்டியது. தொழாத பையனையும் வேறு விதமாக யோசிக்கும் பெண்ணையும் திருத்துவதற்காக ஆலோசகரிடம் இழுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மதிக்க வேண்டியது நோயாளியின் நம்பிக்கை. அது குடும்பம் விரும்பும் அளவில் இல்லாமல் இருக்கலாம்.

என் தீர்ப்பை இனி ஒளிக்க வேண்டியதில்லை. முஸ்லிம் மருத்துவரைத் தேடி ராஜபாளையத்திலிருந்து சென்னை வரை அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அருகிலேயே நல்லவர் கிடைத்தால் கொடுத்து வைத்தவர்கள். இல்லையென்றால் அரசு மருத்துவமனையில் இருக்கும் மருத்துவரிடமே மதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும். அது சலுகை இல்லை, உரிமை. ஜின்னை நம்புவது நோயில்லை, ஜின் தன் காதில் மட்டும் கட்டளையிடுகிறது என்பது நோயாக இருக்கலாம் என்ற வேறுபாட்டை அவர் அறிந்திருக்கிறாரா என்று பாருங்கள். கேள்வி கேட்கிறாரா என்று பாருங்கள். ஓதுவது தொடரட்டும், மாத்திரையை நிறுத்தச் சொல்லும் நிமிடத்தில் ஓதுகிறவரை விட்டு எழுந்துவிட வேண்டும். கட்டிப்போடும், அடிக்கும், பட்டினி போடும் இடம் எந்த வலியுல்லாஹ்வின் பெயரில் இருந்தாலும் அங்கே ஒருவரையும் விடக் கூடாது. இதில் எனக்குச் சமரசம் இல்லை.

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று மீதி இருக்கிறது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மனாஸ் சேவையின் எண் 14416. தமிழில் பேசுவார்கள், காசில்லை. இறுதி ஊர்வலச் செய்தியும் நிக்காஹ் அறிவிப்பும் ஒட்டும் பள்ளிவாசல் பலகையில் அந்த எண்ணை எங்கள் ஹஜ்ரத் போன ரமலானில் ஒட்டினார். வைத்தது ஒளு செய்யும் ஹவ்ளுக்கு நேர் எதிரே. மருமகன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தால் அங்கேதான் உட்கார்ந்து ஒளு செய்கிறான். மூன்று தடவை கழுவுவான். சில நாள் கை நாலாவது தடவைக்குத் தண்ணீரை நோக்கிப் போகும், பாதியில் நிற்கும். ஈரக் கையோடு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருப்பான். நான் ஒன்றும் சொல்வதில்லை. பிறகு எழுந்து தொழுகை வரிசையில் வந்து நிற்பான்.